மூக்கில் முளைத்த குடல்

எங்கள் ரப்பர் தோட்டத்து ஜனங்கள் உயிரோடு இருப்பவனைப் பாராட்டமாட்டார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பழக்கம் அப்படி. எவ்வளவு பெரிய காரியம் செய்தாலும் "பரவாயில்லலா" என்பார்கள். அதற்கு மேல் எங்களிடம் விருது கிடையாது. செத்துப்போனால் மட்டும் எல்லாம் மாறிவிடும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருவர் இருந்தார். யாரையாவது அடிக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அவர் உடம்பு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கிய சூடு ஆறவில்லை, வாசலில் நின்றவர்கள் "தங்கமான மனுஷன், யாரையும் ஒரு சொல் சொன்னதில்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துடைத்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மூக்குக் கதை கடைசியில் இங்கேதான் வந்து முட்டுகிறது.

நான் மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் மரம் தேய்க்கிறவன். ரப்பர் மரம். என் அப்பாவும் அம்மாவும் கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் அந்த மரத்தைச் சீவிப் பால் எடுத்தார்கள். தோட்டம் கைமாறியது, மரத்தை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். வெட்டிய மரம் தொழிற்சாலைக்கு வந்தது, நானும் அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தேன். தேய்க்கும் பகுதியில் மாவு மில்லில் நிற்பது போலத் தூசி பறக்கும். முகமூடி கொடுத்திருந்தார்கள். போட்டால் மூச்சு முட்டுகிறது என்று எல்லோரும் கழுத்தில் தொங்கவிட்டிருப்போம். மேஸ்திரி மண்டோர் வரும் சத்தம் கேட்டால் மேலே ஏற்றுவோம், போனதும் இறக்குவோம்.

ஆடி மாதம் மட்டும் நான் வேறு ஆள். தோட்டம் போனாலும் எங்கள் மாரியம்மன் கோயில் செம்பனைக்கும் புதுத் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கும் நடுவில் பிடிவாதமாக நிற்கிறது. திருவிழாவுக்கு ஈப்போ, தெலுக் இந்தான், சிங்கப்பூர் என்று சிதறிப்போன எல்லோரும் வந்துவிடுவார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சமைப்பது என் பொறுப்பு. தலைமைச் சமையல்காரன் நான்தான். யாரும் என்னை நியமிக்கவில்லை. முன்பு சமைத்தவர் போனதும் கரண்டியை எடுத்தேன், இதுவரை கீழே வைக்கவில்லை.

அந்தச் சமையல்கட்டில் இரண்டு சட்டம். அம்மனுக்குப் படைக்கும் முன்னால் யாரும் ருசி பார்க்கக்கூடாது, ஒரு சொட்டு நாக்கில் படக்கூடாது. ரொம்ப ஆசாரம் பார்க்கிறவர்கள் மோந்துகூடப் பார்க்கக்கூடாது என்பார்கள். அண்டா பக்கத்தில் நிற்கிறவன் மூக்கைக் கழற்றி எங்கே வைப்பான்? இரண்டாவது சட்டம், உப்புப் போடுவது ஒரே கைதான். இல்லாவிட்டால் உதவிக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பிடி போட்டு, சாம்பாரைக் கடலாக்கிவிடுவார்கள். அந்தக் கை என் கை. ருசி பார்க்காமல் உப்பு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கொதி வாசனையிலேயே தெரியும். உப்புப் பத்தாத சாம்பாருக்கு ஒரு பச்சை வாடை உண்டு, சேர்ந்ததும் அது அடங்கும். இத்தனை வருஷமும் என் மூக்கு சொன்னதைத்தான் அம்மனே சாப்பிட்டிருக்கிறாள்.

ஜனங்கள் சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்வார்கள். அது திருவிழாவில் ஓர் அங்கம், தீமிதி மாதிரி. புளி தூக்கல், பருப்பு வேகவில்லை, பாயசம் தண்ணி. தலைமைக் குறைகாரன் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன், குரலும் லாரி மாதிரியே இருக்கும். மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பத்தோடு, "மச்சான், அடுத்த வருஷமாச்சும் ஒழுங்கா சமைக்கக் கத்துக்கலா" என்பான். நானும் கரண்டியைக் காட்டி ஏதாவது திட்டுவேன். எங்கள் இருவருக்கும் அதில் ஒரு நிறைவு இருந்தது.

என் மூக்குக் கெட்டுப்போனது எனக்குத் தெரியவில்லை. என் மனைவியின் ரசம் கெட்டுப்போனதாகத்தான் நினைத்தேன். தினமும் சாப்பாட்டில் உட்கார்ந்ததும், "என்ன இது, சுடுதண்ணியா?" என்று ஆரம்பிப்பேன். அவள் பெருங்காயத்தை ஏற்றினாள், மிளகை ஏற்றினாள், பூண்டை உரலோடு போட்டாள். பிள்ளைகள் தும்மிக்கொண்டே சாப்பிட்டார்கள். நான் மட்டும், "இதுலயும் வாசனை இல்ல" என்றேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு, "ஒங்களுக்கு வாசனை வேணும்னா ஊதுவத்திய கரைச்சிக் குடிங்க" என்றாள். இடது பக்கம் மூக்கு அடைத்துத்தான் இருந்தது, கைக்குட்டையில் சில நாள் ரத்தமும் தெரிந்தது. தேய்க்கும் பகுதியில் மூக்கு ஒழுகாதவன் எவன் இருக்கிறான்? நான் கண்டுகொள்ளவில்லை.

அந்த வருஷத் திருவிழாவில் எல்லாம் வெளியே வந்தது. உதவிக்கு இருந்தவர்கள் காவடி பார்க்க ஓடிவிட்டார்கள். நான் தனியாகச் சாம்பார் அண்டாவைக் கிண்டிக்கொண்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன். பந்தலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மூக்கைப் பிடித்தார்கள். யாரோ, தாமானில் குப்பை எரிக்கிறார்கள் என்று சொல்லி அந்தப் பக்கம் சண்டைக்குக் கிளம்பினார்களாம். அப்போதுதான் மச்சான் உள்ளே வந்தான். அண்டாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மச்சான், என்னா செய்ற?"

"சாம்பார் கிண்டுறேன்."

"இது சாம்பார் இல்லலா, தார் ரோடு! அடிப்பிடிச்சுத் தீயுது, ஒனக்குத் தெரியலையா?"

நான் அண்டாவுக்கு நேராகக் குனிந்து மூச்சை இழுத்தேன். சூடு மட்டும் வந்தது. இன்னொரு தடவை இழுத்தேன். கரண்டியில் கரித்துண்டு கரித்துண்டாக ஒட்டியிருந்தது கண்ணுக்குத் தெரிந்தது, மூக்குக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அம்மனுக்கு ரசத்தோடு சோறு படைத்தோம். வசவு என்றால் அப்படி ஒரு வசவு நான் வாங்கியதில்லை. தெலுக் இந்தானிலிருந்து வந்த ஒரு கிழவர், நான் பிறந்தபோதே என்னைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இருந்தது என்றார்.

அடுத்த வாரம் முழுக்க ஊரில் எல்லோரும் டாக்டர். மச்சான், "சைனஸ்லா, ஆவி பிடிச்சா ஓடிரும்" என்று ஒரு வாளி நொச்சி இலை கொண்டுவந்து கொட்டினான். என் மனைவி கண்ணேறு என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி தாளாமல் வீடே வெளியே ஓடியது, நான் மட்டும் உள்ளே நின்றேன். திருஷ்டி இருந்தால் நெடி வராது என்பது எங்கள் நம்பிக்கை, அதனால் நெடியே தெரியாத என்னைப் பார்த்து அவளுக்குத் திருஷ்டி உறுதியாகிவிட்டது. தொழிற்சாலையில் மண்டோர் கன்டோனீஸ் சீனர், அவருடைய அண்ணன் மூக்குப் புற்றுநோயில் போனவர். ரத்தம் என்றதும் அவர் முகம் மாறியது. உப்புக் கருவாடுதான் அண்ணனைக் கொன்றது, சாப்பிடாதே என்றார், அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். கருவாடு விஷயத்தை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. மனைவி ஜாடியோடு தூக்கி வெளியே போட்டாள். தாமான் பூனைகளுக்கு அன்று தீபாவளி.

ஆஸ்பத்திரியில் காது மூக்குத் தொண்டை டாக்டர் ஓர் அம்மா, சிலோன்காரர். நெற்றியில் விபூதி, கையில் மெல்லிய குழாய். அதன் நுனியில் கேமரா. மூக்குக்குள் மருந்தைத் தெளித்து மரத்துப்போகச் செய்து, குழாயை விட்டார். திரையில் ஈரமான குகை மாதிரி ஒன்று தெரிந்தது. மேலே ஒரு மூலையில் சிவப்பாகச் சதை தொங்கியது.

"இது என்னா டாக்டர்?"

"அதைத்தான் நாங்கள் கண்டுபிடிக்கவேணும். அடைப்பும் ரத்தமும் ஒரு பக்கம் மட்டும் எண்டால் உடனே வந்து காட்டவேணும், ஐயா. எத்தினை நாள் இப்பிடி?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள், "என் ரசம் கெட்ட நாள்லேர்ந்து" என்றாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு அந்தச் சதையிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்தார்கள். மண்டோரின் அண்ணன் கதையைச் சொல்லி, புற்றுநோயா என்று கேட்டேன். டாக்டர் அம்மா சுற்றி வளைக்கவில்லை. இருக்கலாம் என்றார். ஆனால் புற்றுநோய் என்பது ஒரு ஆளின் பெயர் இல்லை, ஒரு குடும்பத்தின் பெயர் என்றார். பேனாவை எடுத்து ஒரு தாளில் மூக்கை வீடு மாதிரி வரைந்தார்.

"வீட்டின்ர பின்கட்டில வாறது ஒண்டு. சீன ஆக்களுக்குக் கூடுதலா வரும், உங்கட மண்டோரின்ர அண்ணனுக்கு வந்தது அதுவாத்தான் இருக்கும். உங்களுக்கு அங்க ஒண்டும் இல்லை. உங்கட முன்வீட்டில, மேல் மூலையில. அங்கையும் கனபேர் குடியிருப்பினம். உள் தோலில இருந்து வாறது ஒண்டு. சுரப்பியில இருந்து வாறது இன்னொண்டு. மணம் பிடிக்கிற நரம்பில இருந்தே முளைக்கிறது ஒண்டு. மச்சம் மாதிரிக் கறுப்புச் செல்லில இருந்து வாறதும் இருக்கு. நெறிகட்டுற வகை எண்டால் கத்தியே தேவையில்லை, மருந்திலயே கரைப்பம். புற்றே இல்லாத மரு மாதிரி ஒண்டும் இருக்கு, ஆனால் அதையும் விட்டுவைச்சால் குணம் மாறிப்போகும்."

"பாத்தா தெரியாதா டாக்டர்?"

"கண்ணுக்கு எல்லாம் ஒரே சதை. மைக்ராஸ்கோப்பில பார்த்தாலும் சிலது ஒரே மாதிரித்தான் இருக்கும். அதுக்குச் சாயம் போட்டுப் பார்க்கவேணும். எந்தச் செல் எந்தச் சாயத்தைப் பிடிக்குது எண்டு பார்த்துத்தான் பேர் சொல்லலாம். பேர் தெரியாமல் வைத்தியம் தொடங்கேலாது."

எனக்கு இது உடனே புரிந்தது. அரைத்த பிறகு மாவைப் பார்த்து, இது கடலைப் பருப்பா, துவரம் பருப்பா, பாசிப் பருப்பா என்று சொல்வது லேசில்லை. நானென்றால் மோந்து சொல்லிவிடுவேன். சொல்லியிருப்பேன். "டாக்டர், வாசனை திரும்பி வருமா? ஆடி மாசம் எனக்குச் சமையல் இருக்கு" என்றேன். டாக்டர் அம்மா பேனாவை மூடினார். "முதல்ல ஆள் இருக்கவேணும் ஐயா, பிறகு ஆடியைப் பார்ப்பம்" என்றார். அவ்வளவு நேரமும் வாசனை போய்விட்டதே என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். நானே போய்விடலாம் என்பது அங்கேதான் உறைத்தது.

கிளம்பும்போது என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். எத்தனை வருஷம் என்று கேட்டார். சொன்னேன். முகமூடி போடுவீர்களா என்று கேட்டார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

காத்திருந்த அந்த நாட்களில் நான் வீட்டில் யாரோடும் நல்லபடியாகப் பேசவில்லை. மனைவி என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன். அவளும் சளைக்காமல் திருப்பிக் கொடுத்தாள். ராத்திரி மட்டும் அவள் கை என் சட்டை நுனியைப் பிடித்திருக்கும். மச்சான் தினமும் வேலை முடிந்து லாரியோடு வந்து வாசலில் நிறுத்துவான். "இன்னைக்குச் சாயம் பிடிச்சிதா?" என்று கேட்பான். துணிக்கடைக்காரன் கேட்பது போல இருக்கும்.

ரிப்போர்ட் வந்த அன்று அவனும் கூட வந்தான். டாக்டர் அம்மா எங்கள் மூவரையும் உட்காரவைத்தார். புற்றுநோய்தான் என்றார். சுரப்பி வகை என்றார். மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு டாக்டர் அம்மா கொஞ்சம் தயங்கினார்.

"ஒரு விசயம் இருக்கு. உங்கட மூக்கில இருக்கிற செல், குடல் செல் மாதிரியே இருக்கு. சாயமும் குடல் மாதிரியே பிடிச்சிருக்கு."

மச்சான்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"டாக்டர், இவன் சாப்பாட்டு ராமன், அது தெரியும். அதுக்காக மூக்குலயா கொடல் வளரும்?"

டாக்டர் அம்மா சிரிக்காமல் விளக்கினார். மூக்கிலேயே பிறந்து குடல் மாதிரி வேஷம் போடுகிற வகை ஒன்று உண்டு, மரத்தூசியிலேயே வருஷக்கணக்காக இருப்பவர்களுக்கு அது வருவது தெரிந்த விஷயம். ஆனால் நிஜமாகவே குடலில் ஆரம்பித்த புற்றுநோய் அபூர்வமாக மூக்குக்கு ஏறி வந்திருக்கவும் கூடும். இரண்டும் மைக்ராஸ்கோப்பில் அண்ணன் தம்பி மாதிரி. முதலாவது என்றால் மூக்கில் இருப்பதை மட்டும் எடுத்துப்போடப் பார்க்கலாம். இரண்டாவது என்றால் உடம்பு முழுக்கப் பரவத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், கதையே வேறு. இரண்டையும் பிரிக்க ஒரே வழி, குடலையும் உள்ளே போய்ப் பார்த்துவிடுவது.

"எப்பிடி டாக்டர் பாப்பீங்க?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

வெளியே வந்ததும் மச்சான் தூணைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், முன்னாடி கேமராவ விட்டாங்க, ஒண்ணும் தெரியல. இப்ப பின்னாடி விடப் போறாங்க. ரெண்டு கேமராவும் நடுவுல முட்டிக்குமாலா?" என்றான். மனைவி தன் அண்ணன் முதுகில் கைப்பையால் ஓங்கி அடித்தாள். அடித்த கையோடு தானும் சிரித்துவிட்டாள். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் இரண்டு பேரையும் திட்டினேன். மனதுக்குள் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

குடலைக் கழுவ முதல் நாள் ஒரு மருந்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ரசம் சுடுதண்ணி மாதிரி இருக்கிறது என்று இத்தனை நாள் சொன்னவன், அன்றைக்கு அந்த ரசத்தைத் தெய்வமாக நினைத்தேன். மறுநாள் காலை பதிவு மேசையில் இருந்த மலாய்க்கார நர்ஸ் என் கோப்பைப் பார்த்துக் குழம்பிப்போனார். "அங்கிள், ஹிடோங்கா, புருட்டா?" என்றார். மூக்கா, வயிறா என்று கேட்கிறார். "ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றாங்க" என்று என் மனைவி மலாயில் சொன்னாள். நர்ஸ் இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து என் மூக்கைப் பார்த்தார்கள்.

குடல் சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை. டாக்டர் அம்மா அதைச் சொன்னபோது முதல் தடவையாகச் சிரித்தார். "அப்ப இது மூக்குக்காரர்தான். வேற இடத்தில இருந்து வரேல்லை. ஸ்கேனிலயும் பரவினது ஒண்டும் இல்லை" என்றார். நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்று கும்பிட்டோம். மச்சான் வராந்தாவுக்கு வந்து போனை எடுத்து, "ஒண்ணும் இல்லலா, வெறும் மூக்குல கேன்சர்தான்!" என்று ஊருக்கெல்லாம் சந்தோஷச் செய்தி சொன்னான். பக்கத்தில் மருந்துக்குக் காத்திருந்தவர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி கடையில் நிறுத்தச் சொல்லி ஒரு பொட்டலம் கருவாடு வாங்கினாள். அதன் மேல் இருந்த பழி நீங்கிவிட்டது. மண்டோருக்கும் செய்தி போயிற்று. தூசிதான் காரணமாம் என்றதும் அடுத்த வாரமே காற்றை உறிஞ்சும் குழாய்களைச் சரிபார்த்து, முகமூடியை இறக்கினால் வீட்டுக்கு அனுப்புவேன் என்று சத்தம் போட்டாராம். இப்போது எவனும் இறக்குவதில்லை.

மூக்குத் துவாரம் வழியாகவே அறுவை செய்தார்கள். முகத்தில் ஒரு கீறல் இல்லை. ஆனால் கட்டி இருந்த இடம் மேல் மூலை, வாசனை நரம்பு இறங்கும் கூரை. கட்டியோடு கூரையையும் சுரண்டி எடுத்தால்தான் ஆள் பிழைப்பான் என்று டாக்டர் அம்மா முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார். பிறகு முகத்துக்கு வலைமாதிரி முகமூடி போட்டுக் கதிர் வைத்தார்கள். ஒழுங்காக முகமூடி போடாதவனுக்கு மேசையோடு சேர்த்துத் திருகிய முகமூடி. நாக்கு ருசி சில மாதத்தில் மெல்லத் திரும்பியது. மூக்கு திரும்பவில்லை. மனைவி காப்பித்தூள், பெருங்காயம், கற்பூரம், கடைசியாகக் கருவாடு என்று ஒவ்வொன்றாக நீட்டினாள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கருவாட்டுக்கும் ஒன்றும் வரவில்லை என்றதும் அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

ஆடி நெருங்கியது. கோயில் கமிட்டியிலிருந்து வந்தார்கள். இந்த வருஷம் நான் ஒரு வேலையும் செய்ய வேண்டாமாம், நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னால் போதுமாம். பழக் கூடை வேறு. இவர்கள் எனக்குப் பழம் கொடுத்ததே கிடையாது. "நாற்காலி நான் ஊருக்கே செஞ்சு குடுத்தாச்சு, அதுல ஒக்காரவும் மாட்டேன்" என்றேன். கரண்டி என் கையில்தான் இருக்கும் என்று சண்டை போட்டு வாங்கினேன்.

மூக்கு இல்லாமல் எப்படிச் சமைப்பது என்று யோசித்து வைத்திருந்தேன். அடிப்பிடிக்காமல் இருக்க அண்டாவை விட்டு நகரவில்லை, காவடி போனபோதும் திரும்பவில்லை. உப்பைக் கைக்கணக்கில் போட எனக்கே பயம். வீட்டிலேயே ஒழுங்காக அளந்து பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொண்டேன். பழக்க தோஷத்தில் கை போய் இரண்டாம் தடவை போட்டுவிடக்கூடாது என்று உப்பு டின்னையே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். எல்லாம் நேரத்துக்கு முடிந்தது. அம்மனுக்குப் படைத்தோம், பந்தி போட்டோம்.

சமைத்தவன் கடைசியில்தான் சாப்பிடுவான். நான் வாசலில் நின்று முகங்களைப் பார்த்தேன். ஒருவர் சாம்பாரைப் பிசைந்து வாயில் வைத்தார், நிறுத்தினார், என்னைப் பார்த்தார். "அருமைண்ணே" என்றார்.

எனக்குச் சொரேல் என்றது.

அடுத்த இலையில் ஓர் அக்கா, "இந்த மாதிரிச் சாம்பார் நான் சாப்பிட்டதே இல்ல தம்பி" என்றார். தெலுக் இந்தான் கிழவர், போன வருஷம் என் பிறப்பையே சந்தேகித்தவர், எழுந்து வந்து என் கையைப் பிடித்து, "ஒன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்டா" என்றார். தங்கம்! பந்தி முழுக்க இதே பாட்டு. ஒரு பரவாயில்லை இல்லை, ஒரு புளி தூக்கல் இல்லை. ஊறுகாய் வாளி மட்டும் கொண்டுபோகக் கொண்டுபோகக் காலியாகிக்கொண்டே இருந்தது, அப்பளத்தை எல்லோரும் நொறுக்கிச் சோற்றில் கலந்துகொண்டிருந்தார்கள்.

உள்ளே போய் ஒரு கரண்டி சாம்பாரை ஊற்றி வாயில் வைத்தேன். உப்பே இல்லை. கொஞ்சம் குறைவு என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு கல் உப்பு இல்லை. சட்டைப் பையைத் தொட்டேன். அளந்து கட்டிய பொட்டலம் கட்டின மாதிரியே இருந்தது.

உப்பில்லாத சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு இந்த ஜனங்கள் அருமை என்கிறார்கள். எங்கள் ஆட்கள் எப்போது இப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். போன வாரம்தான் திரும்ப ஸ்கேன் எடுத்திருந்தேன். எல்லாம் சுத்தம் என்று டாக்டர் அம்மா சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ பேசினார். பந்தலில் மனைவியைத் தேடினேன். அவள் கடைசி வரிசையில் ஒருத்தியின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆக, இவள் தெரிந்துகொண்டு ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள், எனக்கு மட்டும் சொல்லவில்லை என்று முடிவு செய்தேன். அண்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் முகமெல்லாம் வரிசையாக வந்து போயிற்று.

அப்போது வெளியே லாரி நிற்கும் சத்தம் கேட்டது. மச்சானுக்கு அன்று வேலை, தாமதமாக வந்தான். கால்கை கழுவி, சாமி கும்பிட்டு, இலையில் உட்கார்ந்தான். மனைவி அவனை நோக்கி ஓடுவதைப் பார்த்தேன். அவள் போய்ச் சேரும் முன்னால் அவன் முதல் கவளத்தை வாயில் போட்டுவிட்டான்.

"ஏ மச்சான்!" பந்தல் அதிர்ந்தது. "உப்பு எங்கலா? போன வருஷம் கரி, இந்த வருஷம் கழனித் தண்ணியா? மூக்குதான் போச்சு, மூளையுமா போச்சு?"

மனைவி அவன் பக்கத்தில் போய், பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணே, யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். மனுஷன் இப்பதான் எழுந்து நடமாடுறாரு" என்றாள்.

"அதுக்கு? ஆளு நல்லாத்தானே இருக்கான்? டாக்டரே சொல்லியாச்சு. நல்லா இருக்கிறவன் உப்பு போடணும்ல?"

"டாக்டரு ஒன்கிட்ட தனியா என்னா சொன்னாங்க?" என்று நான் மனைவியிடம் கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "ரசப் பொடி எப்பிடி அரைக்கிறதுன்னு கேட்டாங்க. ஒங்க பொலம்பலக் கேட்டுக் கேட்டு அவங்களுக்கு ஆசை வந்திருச்சாம்" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் நான் என்ன நினைத்தேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் மச்சானிடம் போனேன். கண்ணில் நீர் ஓடியது, துடைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்து அவன் இலை ஓரத்தில் வைத்தேன். "மச்சான், இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்துச் சோற்றில் தூவினான். "ரசமும் இப்பிடித்தானா?" என்றான்.

"ரசமும்தான்!" என்று எதிர் வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான், அடைப்பு எடுத்த மாதிரி ஆகிவிட்டது. கூட்டில் உப்பு இல்லை, பருப்பு வேகவில்லை, இங்கே உப்பு, அண்ணே இந்தப் பக்கம் உப்பு, பாயசம் தண்ணியாக இருக்கிறது. பாயசத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை, அதைச் செய்தது கமிட்டி. தெலுக் இந்தான் கிழவர் தங்கக் காப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறந்தபோதே தெரியும் என்று மறுபடியும் ஆரம்பித்தார். நான் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, இலை இலையாகக் குனிந்து, ஒவ்வொருவரிடமும் ஒரு வசவு வாங்கிக்கொண்டு, உப்புப் போட்டுக்கொண்டே போனேன்.